சாக்குத் திரையும் இரண்டாவது கதவும்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுன்னாகத்தில் வெங்காயக் கடை, கல்வீடு, அச்சுவேலியில் பலகை விற்கும் மரக்காலை எல்லாம் யாருடைய தயவும் இல்லாமல் எழுப்பினேன். பிள்ளைகள் விளையாட ஊர்ச் சங்கம் இடம் கேட்டபோது, கடைக்குப் பக்கத்திலிருந்த என் வெங்காயக் கொட்டிலைக் கொடுத்து ஊஞ்சலும் சறுக்குமரமும் நானே செய்து போட்டேன்.

மாரியில் பின்னேரமே இருண்டுவிடும். சண்டையால் கரண்ட் இல்லை, ஜாம் போத்தலில் திரி போட்ட எண்ணெய் விளக்குத்தான். வெளிச்சம் குண்டு போடும் விமானத்துக்குத் தெரியக்கூடாதென்று சங்கத்தார் யன்னல்களில் சாக்குக் கட்டினார்கள். நெருப்புப் பிடித்தால் ஓட, பின்பக்கம் இன்னொரு கதவு வேண்டுமென்றேன்.

"உங்களுக்கு எப்பவும் ஏதாவது கட்டவேணும், அண்ணை! ரெண்டு கதவெண்டால் கள்ளனுக்குத்தான் வசதி" என்று தலைவர் சிரித்தார்.

போன மாதம் காற்றில் ஒரு சாக்கு விளக்கில் பட்டுப் பற்றியது. பிள்ளைகள் எல்லோரும் ஓடிப்போய்க் கதவில் நெருக்கினார்கள். அது உள்பக்கம் திறக்கும் கதவு.

"ஐயா, கதவு திறபடுதில்லை!" என்று பிள்ளைகளைப் பார்க்கும் ரீச்சர் உள்ளேயிருந்து கத்தினார்.

கடைக் கத்தியோடு ஓடிப் பின்பக்கச் சுவரின் ஓலைக் கிடுகை வெட்டிப் பிரித்தேன். என் பேத்தியும் மற்றப் பிள்ளைகளும் ரீச்சரும் அதற்குள்ளால் வந்து தப்பினார்கள்.

நெருப்பை அணைத்தபின், வெட்டிய இடத்திலேயே கதவு வைத்துவிட்டேன். இப்போது இரண்டு கதவும் வெளியே திறக்கும். சாக்கும் இல்லை, விளக்கும் இல்லை. இருட்டுமுன் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

ஆனால் வாசல் பலகையில் "சங்கத்தின் ஏற்பாடு" என்று எழுதியிருக்கிறார்கள்.

"ஊருக்குச் செய்ததுக்குப் பேர் கேக்கலாமோ, அண்ணை?" என்கிறார் தலைவர்.

ஓம், கேட்பேன். கதவு வேண்டுமென்று சொன்னவனும் நான், வைத்தவனும் நான். அந்தப் பலகையில் என் பெயர் வரவேண்டும்.