பாதி வழியில் நின்ற கல்யாணம்

எங்கள் வீட்டில் கீழே ஒரு கம்ப்யூட்டர், மாடியில் ஒரு கம்ப்யூட்டர். கீழே இருப்பது என் கணவருடையது. கல்யாண வீடுகளில் எடுத்துவரும் வீடியோவையும் போட்டோவையும் அதில்தான் இறக்குவார். பகல் முழுக்க ஆல்பம் வேலை பார்ப்பார். மாடியில் இருப்பது என்னுடையது. அவர் எடுத்ததை வெட்டி ஒட்டி ஒரு கல்யாணமாக்கிக் கொடுப்பது என் வேலை. இன்டர்நெட் மோடமும் மாடியில்தான். வைஃபை எங்கள் வீட்டுச் சுவர்களைத் தாண்டாது. கணவரின் அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுவேன். வீடு கட்டியபோது அவர் சிமென்டில் கொஞ்சமும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. அதனால் கீழிருந்து மேலே ஒரு கேபிள் இழுக்க வேண்டியதாயிற்று.

இழுத்தது கணவர். நெய்யாற்றின்கரையில் வாங்கிவந்த சுருள் மாடிவரை எட்டவில்லை. முதலில் அளந்து பார்த்துவிட்டு வாங்கியிருக்கலாமே என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னொரு துண்டு வாங்கி, ஹாலில் டிவிக்குப் பின்னால் சோப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டியை வைத்து, இரண்டு துண்டையும் அதில் செருகிவிட்டார். அந்தப் பெட்டிக்கும் டிவிக்கும் ஒரே சுவிட்ச். நன்றாகத்தான் வேலை செய்தது, கொஞ்ச நாள்.

அப்புறம் தொடங்கியது தொல்லை. போட்டோக்கள் சமர்த்தாக மேலே வந்துவிடும். பெரிய வீடியோ ஃபைல்கள் பாதியில் நின்றுவிடும். நின்றுவிட்டது என்று ஒரு அறிவிப்பு மட்டும் திரையில் கிடக்கும். போய்ப் பார்த்தால் பெட்டியில் விளக்கு எரியும், கேபிள் உறுதியாக இருக்கும், எல்லாம் ஒன்றும் தெரியாத பிள்ளைகள் போல இருக்கும். மறுபடி அனுப்பினால் போய்விடும். சில நாள் முதல் தடவையே போய்விடும். எப்போதும் போகாமல் இருந்திருந்தாலாவது தூக்கிப் போட்டிருப்பேன்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். முதலில் கேபிளின் நுனியில் இருக்கும் கிளிப்பை மாற்றினோம். அப்புறம் எலி கடித்திருக்கும் என்று கேபிளை முழுக்கத் தடவிப் பார்த்தோம். எலி கடிக்கவில்லை. கம்ப்யூட்டர் தானாகத் தூங்கிவிடுகிறதோ என்று அந்த ஏற்பாட்டை நிறுத்தினேன். வைரஸ் தடுப்பானை நிறுத்தினேன். இரண்டு துண்டையும் கழற்றிக் கடைக்கே கொண்டுபோனேன். கடைக்காரர் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, “கேபிளினு ஒரு கொழப்பவும் இல்ல சேச்சி” என்று மலையாளத்தில் சொல்லி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கேபிளில் கோளாறு இல்லை, குழப்பம் எனக்குத்தான் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, எல்லாவற்றுக்கும் காரணம் அளக்காமல் வாங்கியதுதான் என்று கணவரிடம் சண்டை போட்டேன். அவரும், பெரிய ஃபைலைத் தாங்கும் பலம் என் கம்ப்யூட்டருக்கு இல்லை என்று திருப்பிச் சொன்னார். இரண்டு பேரும் சொன்னது தப்பு.

இப்படி நாட்கள் போய்க்கொண்டிருக்கும்போதுதான் என் அக்காள் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அத்தான், அதாவது அக்காளின் கணவர், சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்க்கிறார். கல்யாணத்துக்கு லீவு தருவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். பதிலுக்கு வர வேண்டிய ஆள் வரவில்லை. அவரைக் கப்பலிலிருந்து இறக்கவில்லை. தேதியைத் தள்ளவும் முடியாது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம், அதாவது தவக்காலம், தொடங்கிவிட்டால் எங்கள் சபையில் கல்யாணம் நடக்காது. அப்பா இல்லாமலே கல்யாணம் நடந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அத்தான் எனக்குச் செய்தி அனுப்பினார். கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கப்போகிறது, அங்கே இருக்கும்வரை இன்டர்நெட் உண்டு, கிளம்பிவிட்டால் மாதக்கணக்கில் படமெல்லாம் வராது. அதற்குள் சர்ச்சில் நடந்தது முழுவதும் வேண்டும். பாட்டு சேர்க்க வேண்டாம், அழகுபடுத்த வேண்டாம், எதையும் வெட்ட வேண்டாம். மூத்த மகளுடைய கல்யாணம். அவர் என்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை.

வழக்கம்போல, சாயங்காலம் கணவர் கம்ப்யூட்டரை விட்டு எழுந்ததும் சர்ச் ஃபைல்களை மேலே அனுப்ப ஆரம்பித்துவிட்டுக் குடும்ப ஜெபத்துக்குப் போனேன். ஜெபம் நடத்துவது மாமா. ஒரு பாட்டு, ஒரு வேத வாசிப்பு, அப்புறம் மூன்று பேரும் நாற்காலிப் பக்கம் திரும்பி முழங்காலிட்டு, முகத்தை நாற்காலியில் புதைத்துக்கொள்வோம். மாமாவின் ஜெபம் நீளமானது. சபையில் காய்ச்சலில் கிடப்பவர்கள், மிஷனரிகள், மந்திரிகள், மழை என்று யாரையும் விட மாட்டார். ஃபைல் போய்ச்சேர அந்த நேரம் தோதாக இருக்கும் என்பதுதான் என் கணக்கு.

முடிந்து மேலே வந்தால், பாதியில் நின்றிருந்தது. திட்டிக்கொண்டே மறுபடி அனுப்பினேன். அதே பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது, விட்டுவிடவா, மாற்றவா என்று கேட்டது. அளவு சரியாகத்தான் காட்டியது. ஏற்கெனவே வந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, விட்டுவிடச் சொன்னேன்.

மறுநாள் முழுக்க உட்கார்ந்து இரண்டு கேமராவின் படத்தையும் சத்தத்தையும் பொருத்தினேன். இருட்டும் நேரத்தில், நாங்கள் ஐயர் என்று கூப்பிடும் போதகர் பிரசங்கத்தை முடித்து மணமக்களை நோக்கி இறங்கி வரும் இடத்தில், படம் அப்படியே உறைந்து நின்றது. அந்தக் கேமராவில் அதற்குமேல் ஒன்றும் இல்லை, இன்னொன்று எடுத்தது சபையாரை மட்டும். உடன்படிக்கை இல்லை, தாலி கட்டு இல்லை. அளவு மட்டும் முழுசாக இருந்தது, உள்ளே பாதி வெறுமை. அத்தானின் கப்பல் விடிந்ததும் கிளம்புகிறது. கணவர் பாலராமபுரத்தில் ஒரு வரவேற்புக்கு வீடியோ எடுக்கப் போயிருந்தார். காப்பி செய்து கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம் என்றால் அதற்கான தனி ஹார்ட் டிஸ்க்கும் அவரோடு போயிருந்தது. கேபிளை விட்டால் வேறு வழி இல்லை.

பழைய ஃபைலை அழித்துவிட்டு மறுபடி அனுப்ப ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம்கூடப் போயிருக்காது, கீழேயிருந்து மாமா கூப்பிட்டார். “மக்கா, ஜெபத்துக்கு வா.”

இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் வீட்டில் இதுவரை நடக்காதது நடந்ததாக ஆகிவிடும். இறங்கிப் போனேன். பாட்டில் என் மனம் இல்லை, வாசிப்பிலும் இல்லை. முழங்காலிட்டு நாற்காலியில் முகம் வைத்தேன். வைக்க முடியவில்லை. மேலே என்ன ஆகிறதோ என்று தலையைத் தூக்கி மாடிப்படியைப் பார்த்தேன். அப்போது மாமா இன்னும் முழங்காலிடவில்லை. சுவர் ஓரமாக மெல்ல நடந்துபோய், டிவி சுவிட்சில் விரலை வைத்து அணைத்தார். பெட்டியின் பச்சை விளக்கு செத்துப்போனது.

“மாமா!” என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “என்ன மக்கா, பாம்பு வல்லதும் உண்டா?”

“அந்த சுவிட்ச எதுக்கு மாமா அணைச்சீங்க?”

“இதா? நான் எந்நாளும் ஜெபத்துக்கு அணைக்கதாக்கும். அந்தப் பெட்டியில பச்ச லைட்டு கெடந்து மின்னுது. ஆண்டவருக்க முன்ன முட்டுகுத்தி நிக்கும்போ ஒண்ணு பொறத்த இருந்து கண்ணடிச்சா நல்லாவா இருக்கும்? முடிஞ்ச உடன நான் தான போட்டும் வைக்கேன்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நாங்கள் கண்ணை மூடுவோம், அவர் அணைப்பார். கண்ணைத் திறக்குமுன் போட்டும் விடுவார். ஒழுங்காகப் போன நாட்களெல்லாம் மாமா வெளியே ஜெபக் கூட்டத்துக்குப் போன நாட்கள். போட்டோக்கள் பாட்டு முடியுமுன்னே போய்விடும். பெரிய ஃபைல்கள்தான் ஜெபத்தில் மாட்டிக்கொள்ளும். இதற்காக நான் கடைக்காரரிடம் பரிதாபப் பார்வை வாங்கினேன், கணவரைத் தூக்கத்தில்கூட விடாமல் திட்டினேன்.

மாமாவிடம் சொன்னேன். அத்தானுக்குப் போக வேண்டிய படம் அந்த விளக்கு வழியாகத்தான் மேலே போகிறது, அது அணைந்தால் கல்யாணம் பாதியில் நின்றுவிடும் என்று. அவர் முகம் சுண்டிப்போனது. உடனே சுவிட்சைப் போட்டார்.

“நீ போய் அதப் பாத்திட்டு வா மக்கா. நான் இங்க நிக்கேன்.”

மேலே ஓடி ஃபைலை மறுபடி அனுப்பிவிட்டு வந்தேன். மாமா முழங்காலில் அப்படியே காத்திருந்தார். அன்றைய ஜெபத்தில் காய்ச்சல்காரர்களுக்கும் மந்திரிகளுக்கும் பிறகு புதிதாக ஒன்று வந்தது. “ஆண்டவரே, கடல்ல கெடக்க அந்தப் பிள்ளைக்கு இந்தப் படம் முழுசா போய்ச் சேரணும்.” நான் கண்ணை மூடவில்லை. பெட்டியின் விளக்கு மின்னுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபம் நீளமாக இருக்கிறதே என்று அன்றைக்கு மட்டும் எனக்கு எரிச்சல் வரவில்லை. ஆமென் சொல்லி மேலே போனபோது கல்யாணம் முழுசாக வந்து சேர்ந்திருந்தது.

மிச்சத்தைப் பொருத்தி, எதையும் வெட்டாமல் அத்தானுக்கு அனுப்பினேன். காலையில் நான் சமையலறையில் இருக்கும்போது அவர் போன் செய்தார். பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது.

“ஃபுல்லா பாத்தேன் மக்கா. நீ ஒண்ணும் வெட்டல்லியே?”

“இல்ல அத்தான்.”

“பெண்ணை ஒப்புக்கொடுக்கது யாருண்ணு ஐயரு கேட்டாரு இல்லியா. எனக்க அண்ணன் வாயத் தெறக்கதுக்குக் கொஞ்சம் நேரம் ஆச்சு.”

ஆமாம். அத்தானின் இடத்தில் அவருடைய அண்ணன்தான் நின்றார். அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லுமுன், சர்ச் முழுக்க ஒரு சத்தமும் இல்லாமல் கொஞ்ச நேரம் போனது. மற்ற கல்யாணங்களில் அப்படிப்பட்ட இடத்தை நான் யோசிக்காமல் வெட்டிவிடுவேன்.

“அந்த நேரத்துக்குள்ள,” என்றார் அத்தான், “நான் இங்க எழும்பி நிண்ணு சொல்லீட்டேன் மக்கா. நான்தான்ணு.”