சித்திக்குக் குடை பிடித்த ஞாயிறு

சித்தியைப் பெண் பார்க்க வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் கறுத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

சித்தி அம்மாவின் தங்கை. கிழக்குத் தாம்பரத்தில் எங்களோடுதான் இருந்தாள். சானடோரியம் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் வேலை. சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய சிவப்பு லேடீஸ் சைக்கிளில்தான் போய்வருவாள். ஆனால் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் வீட்டில் ஒரு வாரம் முன்பே வெயிலுக்குத் தடை விழுந்துவிடும். கடலை மாவும் தயிரும் குழைத்த கிண்ணத்தோடு அம்மா சித்தியின் பின்னாலேயே அலைவாள்.

இந்த மாப்பிள்ளை வீட்டில் பெண்கள் சைக்கிள் ஓட்டும் வழக்கம் கிடையாதாம். “கல்யாணம் ஆயிட்டா அந்த சைக்கிள் உனக்குத்தான்” என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். அதனால் மாப்பிள்ளையை மற்றவர்களுக்குப் பிடித்ததோ இல்லையோ, எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அன்று காலை, ராஜகீழ்ப்பாக்கம் டெய்லரிடம் ஜாக்கெட் வாங்கி வர வேண்டும் என்றாள் சித்தி. அம்மா அரை மனதாகச் சம்மதித்து, அப்பாவின் பெரிய கறுப்புக் குடையை என் கையில் திணித்தாள். “அவ மூஞ்சியில வெயிலே படக் கூடாது, புரிஞ்சுதா?” நான் கேரியரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் குடையைத் தூக்கிப் பிடித்தேன். சேலையூரில் பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சைக்கிள் என்னுடையதாகப் போகிறதே!

ஜாக்கெட் தயாராகவே இருந்தது. ஆனால் சைக்கிள் திரும்பவில்லை.

“சித்தி, வீடு அந்தப் பக்கம்.”

“தெரியுமே” என்றாள்.

மேடவாக்கத்தில் இடப்பக்கம் திரும்பியதும் வீடுகள் குறைந்தன. பிறகு நன்மங்கலம் காடு வந்தது. செம்மண் பாதை, முட்புதர்கள், எங்கோ ஒரு மயில் அகவும் சத்தம். சக்கரம் சருகில் ஓடும் ஓசையில் எனக்குக் கண் சொக்கியது. பழைய கல்குவாரியில் பாசி நிறத்தில் தண்ணீர் அசையாமல் நின்றது. எதிர்ப்பாறை இடுக்கில் இரண்டு இறகுக் கொம்புகளோடு ஓர் ஆந்தை உட்கார்ந்து, பாதிக் கண்ணால் எங்களைப் பார்த்தது.

“போன வருஷமும் அங்கதான் இருந்துச்சு” என்று சித்தி என் காதில் கிசுகிசுத்தாள்.

அங்கே ஒரு மரத்தடியில் புளிசாதம் சாப்பிட்டோம். ஜாக்கெட் வாங்கப் போகிறவள் பையில் புளிசாதம் எப்படி வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பசித்தது, சாப்பிட்டேன்.

பள்ளிக்கரணை நெருங்கும்போதுதான் என் கை சும்மா இருப்பதே எனக்கு உறைத்தது. “சித்தி! குடை! மரத்தடியிலேயே விட்டுட்டோம்!”

“அடடா” என்றாள் சித்தி. மிதிப்பதை நிறுத்தவில்லை.

பள்ளிக்கரணைச் சதுப்பில் இப்போது வேலி போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். அப்போது அது வெறும் கழுவெளி. கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீரும் கோரையும். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரு வெள்ளை வெளிச்சம். அதன் நடுவில் பூநாரைகள் ஒற்றைக் காலில், எதையோ மறந்துவிட்டு நிற்பதுபோல நின்றிருந்தன. நாங்களும் நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவ்வளவு அமைதியாக நான் அதற்குப் பிறகு எங்கும் நின்றதில்லை.

அலுமினியக் கூடையில் மீனோடு போன ஓர் அம்மாள் எங்களைப் பார்த்து நின்றாள். “இன்னாம்மா, கொயந்தய இட்டுகினு இந்த வெயில்ல நின்னுகினு கீறே?”

“சாயங்காலம் என்னைப் பொண்ணு பார்க்க வராங்கக்கா.”

“அப்ப வூட்ல இல்லாம இங்க இன்னா பண்றே?”

சித்தி முகத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பதறிப்போய் ஜாக்கெட் பொட்டலத்தை அவள் முகத்துக்கு மறைப்பாகப் பிடிக்க எம்பிப் பார்த்தேன். அது அவள் தோள்வரைதான் எட்டியது.

வீடு திரும்பியபோது அம்மா வாசலிலேயே தலையில் கை வைத்துக்கொண்டாள். சித்தியின் முகத்தில் அவசரமாக அப்பிய பவுடர் வியர்வையில் திட்டுத் திட்டாக நின்றது. வந்தவர்கள் கேசரியும் பஜ்ஜியும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த போட்டோவைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று கிளம்பினார்கள். போடவே இல்லை.

“ஒரு குடையைப் பிடிச்சுக்கத் துப்பில்லையா உனக்கு?” என்று அம்மா என் மேல் பாய்ந்தாள். சித்தியின் கல்யாணமும் என் சைக்கிளும் ஒரே நாளில் போய்விட்ட துக்கத்தில் தேம்பித் தேம்பி அழுதேன்.

மறுமாதம் இன்னொரு வரன் வருவதாகப் பேச்சு எழுந்தது. சித்தி கொல்லையில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. அருகில் போய் அவள் தோளைத் தொட்டேன்.

“கவலைப்படாதே சித்தி. இந்தத் தடவை குடையை என் கையோட ரிப்பனால கட்டிக்கறேன். நீ மறந்தாலும் தொலையாது.”

சித்தி என்னைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவளைத் தேற்றிவிட்டேன் என்ற பெருமையோடு நான் ரிப்பன் தேட உள்ளே ஓடினேன்.