சரளை கிரவுண்டிலிருந்து ஒரு ஸ்டாப்பர்

1. முதல் நாள்

நான் பெண்கள் ஃபுட்பால் கோச் ஆனது ஆண்டர்சன்பேட்டையில், எங்கள் பாத்திரக் கடைக்குள் வைத்துத்தான். குக்கர் வாங்க வந்த கிளப் செயலாளர், பழைய கோச் பெங்களூருக்கே குடிபோய்விட்டார், நாளையிலிருந்து நீங்கள் வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் ஒரு காலத்தில் கோல்கீப்பர். பந்து என் பக்கம் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வதைத் தவிர எனக்கு ஃபுட்பாலில் வேறு ஒன்றும் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

மறுநாள் மாலை கழுத்தில் விசிலோடு போய் நின்றேன். பிள்ளைகள் வரிசையாக நின்று "குட் ஈவினிங் மாஸ்டர்" என்று ஒரே குரலில் கத்தியதும், பயத்தில் விசிலை ஊதிவிட்டேன். எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள். எங்கே ஓடுகிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது, எங்கே ஓடுகிறார்கள் என்று எனக்கும் தெரியாது. தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டின் அடிவாரம் வரை போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். நீ ஏன் ஓடவில்லை என்று கேட்டேன்.

"எல்லாரும் பூட்டா பின்னால யாரு மாஸ்டர் இருக்கறது?"

அவள்தான் கிரேஸ். அப்போது பன்னிரண்டு வயது. கோலுக்கு முன்னால் நிற்கும் கடைசி டிஃபெண்டரை எங்கள் ஊரில் இன்னும் ஸ்டாப்பர் என்றுதான் சொல்வோம். அந்த ஒரு கேள்விக்காகவே அவளை ஸ்டாப்பர் ஆக்கினேன். என் கோச்சிங் வாழ்க்கையில் பதற்றப்படாமல் எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

கிரேஸின் அம்மா லில்லி, பக்கத்து மாரிக்குப்பத்துக்காரி, பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா ஜாம்பியா நாட்டுக்காரர். பெங்களூருக்குப் படிக்க வந்தவர், இங்கே சர்ச்சில் லில்லியைக் கல்யாணம் செய்துகொண்டார். தங்கம் தோண்டி முடித்த ஊர்ப் பெண்ணுக்கும் செம்பு தோண்டிக்கொண்டிருக்கும் ஊர்ப் பையனுக்கும் பிறந்தவள் கிரேஸ். அவள் சின்னவளாக இருக்கும்போதே அவர் ஊருக்குப் போய் அங்கே சுரங்க வேலையில் சேர்ந்துவிட்டார். லில்லி போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடமிருந்து இங்கிலீஷில் வாய்ஸ் மெசேஜ் வரும். அவருடைய உயரமும் சுருட்டை முடியும் கிரேஸுக்கு வந்திருந்தன. வாயைத் திறந்தால் மட்டும் சுத்தமான மாரிக்குப்பம்.

லில்லி காலை ரயிலில் போனால் சாயங்கால ரயிலில்தான் வருவாள். பிராக்டிஸ் முடிந்து மற்ற பிள்ளைகளை அழைத்துப் போக ஆள் வந்துவிடும். மிஞ்சுவது நாங்கள் இரண்டு பேர். என் மனைவி, பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்குச் சமைத்துப் போடக் கிளம்பிப் போனவள், மாதத்துக்கு ஒருமுறை வந்து வீட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு திரும்புவாள். ஆக, எனக்கும் வீட்டுக்குப் போக அவசரமில்லை. ரயில் சத்தம் கேட்கும்வரை கிரவுண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்போம். நாட்டுக்கு ஆட வேண்டும் என்று ஒருநாள் சொன்னாள். எந்த நாட்டுக்கு என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

2. விழாதே

எங்கள் கிரவுண்டில் புல் கிடையாது. சரளை. காற்றடித்தால் மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி வந்து பந்தையே மறைக்கும். மற்ற ஊர்களில் டிஃபெண்டருக்கு முதலில் டேக்கிள் சொல்லித்தருவார்கள். சறுக்கி விழுந்து காலை நீட்டிப் பந்தை எடுப்பது. இங்கே சறுக்கினால் பந்து வருகிறதோ இல்லையோ, தொடைத் தோல் நிச்சயம் போய்விடும். அதனால் எங்கள் கிளப்பின் முதல் பாடம் விழாதே என்பதுதான். கடைசிப் பாடமும் அதுதான், ஏனென்றால் எனக்கு வேறு பாடம் தெரியாது.

கிரேஸ் அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வித்தையே செய்தாள். ஃபார்வர்டு பந்தோடு வந்தால் பாய மாட்டாள். பின்பக்கமாகவே ஓடுவாள். கோலுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் எப்போதும் அவள் இருப்பாள். ஊருக்குப் புதிதாக வந்தவர்களை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விடுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுவாள். அங்கே போன பிறகுதான் தான் எங்கே வந்து சேர்ந்திருக்கிறோம் என்று ஃபார்வர்டுக்குப் புரியும்.

எதிர் டீம் கார்னர் அடிக்கும்போது நான் முதுகைத் திருப்பிக்கொள்வேன். என்ன ஆயிற்று என்று பெஞ்சில் இருக்கும் பிள்ளைகள் சொல்ல வேண்டும். "கிரேஸ் எட்த்துட்டா, திரும்புங்க மாஸ்டர்" என்பார்கள். என் முதுகை அந்த வட்டாரத்து டீம்கள் எல்லாம் நன்றாக அறியும்.

3. டிஞ்சர்

கிரேஸைப் பதினேழு வயதில் பெங்களூரில் ஒரு பெரிய கிளப்பின் செலக்‌ஷன் டிரையலுக்கு அழைத்துப் போனேன். தரை முழுக்கப் பச்சையாக, கம்பளம் விரித்தது போன்ற டர்ஃப். கிரேஸ் குனிந்து அதைத் தடவிப் பார்த்தாள். நானும் தடவிப் பார்த்தேன். காவலாளி இருவரையும் சந்தேகமாகப் பார்த்தார்.

செலக்டர் ஒரு மேடம். முதல் பாதி முடிந்ததும் கிரேஸைக் கூப்பிட்டு, நன்றாக ஓடுகிறாய், ஆனால் ஒரு டேக்கிள்கூடப் போடவில்லையே, பயமா என்று கேட்டார். இரண்டாம் பாதி தொடங்கியதும் வேகமான ஒரு பெண் பந்தோடு உள்ளே வந்தாள். கிரேஸ் வாழ்நாளில் முதல்முறையாகச் சறுக்கினாள். அழகான டேக்கிள், பந்து மட்டும் தனியாகக் கழன்று வந்தது.

எங்கள் ஊரில் ஒருத்தி விழுந்தால் ரத்தம் என்று அர்த்தம். பழக்கதோஷம், டிஞ்சர் பாட்டிலும் பஞ்சுமாகக் கயிற்றைத் தாண்டி நான் டர்ஃபின் நடுவுக்கு ஓடிவிட்டேன். கிரேஸும் எழுந்து பந்தைப் பார்க்கவில்லை. தொடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணியும் ஆவல மாஸ்டர்," என்றாள் ஆச்சரியத்தோடு.

நானும் குனிந்து பார்த்து, ஆமாம் ஒன்றும் ஆகவில்லை என்று உறுதிசெய்தேன். நாங்கள் இருவரும் அந்த அதிசயத்தில் இருக்கும்போது, இன்னொரு ஃபார்வர்டு அந்தப் பந்தை எடுத்துப் போய் கோல் போட்டுவிட்டாள். ரெஃபரி விசில் ஊதவே இல்லை; ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. மேடம் எழுந்து வந்து, "ஏனாயித்து சார்?" என்று, என்ன ஆயிற்று எனக் கன்னடத்தில் விசாரித்தார். பஞ்சை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் திணித்தேன். டிஞ்சர் நெஞ்சில் ஊறி, குண்டடி பட்டவன் மாதிரி நின்றேன்.

நீங்கள் எங்கே பிராக்டிஸ் செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கிரேஸின் முழங்கால் தழும்புகளைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்.

4. ஆதார்

அதன்பிறகு அவளுக்கு ஹாஸ்டல், எனக்கு சாயங்கால போன். என்ன சாப்பிட்டாள் என்று சொல்வாள். நான் என்ன சமைத்தேன் என்று சொல்வேன். அவளுடையதே பரவாயில்லை.

மாநில டீம் வரை போனாள். ஆனால் எந்த ஊர் டோர்னமென்டுக்குப் போனாலும் முதல் மேட்சுக்கு முன்னால் எதிர் டீமிலிருந்து ஒருவர் வருவார். இது ஃபாரின் பிளேயர், கோட்டாவில் சேர்த்தீர்களா என்று கேட்பார். மற்றவர்கள் வார்ம்-அப் செய்வார்கள். இவள் அலுவலக மேஜை முன்னால் தனியாக நிற்பாள். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். ஒரு அதிகாரி ஆதார் கார்டை வெளிச்சத்தில் பிடித்துத் தலைகீழாகக்கூடப் பார்த்தார். பதறிப்போய் என் ஆதாரையும் எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

கிரேஸ் பொறுமையாகச் சொன்னாள். "இன்னா சார், ஊரு மாரிக்குப்பம்னு போட்டு கீது இல்ல. சீக்கிரம் குடுங்க, ஷூ மாட்டணும்."

தமிழ் தெரிந்த ஒரு லைன்ஸ்மேன் விழுந்து விழுந்து சிரித்தார். கார்டு உடனே கைக்கு வந்தது. அவள் சிரிக்கவில்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

5. பாத்திரங்கள் முன்னால் ஒரு பேச்சு

இந்தியா கேம்ப்புக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் கடைசி லிஸ்டில் பெயர் இல்லை. காரணம் ஒன்றும் தவறானதல்ல. அவளைவிட நன்றாக ஆடியவர்கள் இருந்தார்கள். அதை அவளே சொன்னாள். அன்று மட்டும் என்ன சாப்பிட்டாள் என்று சொல்லவில்லை.

அவளுக்கு இருபத்துநாலு ஆனபோது அப்பாவின் நாட்டிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஸ்டாப்பர் தேவைப்பட்டது. இந்தியாவுக்கு ஒரு மேட்ச்கூட ஆடாததால் விளையாட்டு ரூல்படி தடை இல்லை. ஆனால் அந்த நாட்டு பாஸ்போர்ட் வேண்டும். அதை வாங்கினால் இந்த பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். நம் சட்டத்தில் ஒருத்திக்கு இரண்டு நாடு கிடையாது. பிறந்த ஊருக்கு வரக்கூட அப்புறம் விசா கேட்க வேண்டும். லில்லி, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்த்துப் பேச வருகிறேன் மாஸ்டர் என்று கிரேஸ் போன் செய்தாள். போகாதே என்று சொல்வதற்கு ஒரு பேச்சு தயார்செய்தேன். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எவர்சில்வர் குடங்கள் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். வரிசையாக இருந்த அத்தனை குடத்திலும் என் முகம் வீங்கித் தெரிந்தது. எல்லா முகங்களும் தலையாட்டின. பேச்சு பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

கிரவுண்டு ஓரத்தில் உட்கார்ந்தோம். காற்றில் தூசி. "நீங்க சொல்லுங்க மாஸ்டர், போவட்டுமா வாணாமா?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். வந்தது, சாப்பிட்டாயா என்ற கேள்வி. சாப்பிட்டேன் என்றாள். எழுந்து போய் சமோசா வாங்கி வந்தேன், ஒரு டீமுக்குப் போதுமான அளவுக்கு. அதைப் பார்த்துவிட்டு அவளே பேச ஆரம்பித்தாள்.

"இங்க ஆப்பிரிக்காக்காரின்றாங்க. அங்க போனா இந்தியாக்காரின்னுதான் சொல்வாங்க. ரெண்டு எடத்துலயும் நான் வந்தவதான் மாஸ்டர். அது எனக்குப் பழகிப்போச்சி. ஆனா பெஞ்ச்ல குந்திகினே வயசாவறது பழகல."

நான் தயார்செய்த பேச்சை மனதுக்குள் புரட்டினேன். அடுத்த கேம்ப்பில் கட்டாயம் எடுப்பார்கள் என்று ஒரு வரி இருந்தது. எனக்கு அப்படி எந்தத் தகவலும் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு யார் சொல்லித்தருவது என்று ஒன்று. மேட்ச் இல்லாத வாரத்தில் இங்கே யார் வருவது என்று ஒன்று. சாயங்காலம் போன் வராவிட்டால் என்ன செய்வது என்பது பேச்சில் இல்லை. ஆனால் எல்லா வரிக்கும் அடியில் அதுதான் இருந்தது.

"உனக்கு இன்னா தோணுது?" என்று கேட்டேன்.

"போவணும்னு கீது. அம்மாவை நெனைச்சா வாணாம்னு கீது."

அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், ஐ.சி.யூ. வார்டையே ஒற்றை ஆளாகச் சமாளிக்கிற லில்லியை நான் எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற பயம் வந்தது. கிரேஸுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும்.

"உங்களையே எங்கம்மாதான் பாத்துக்கணும்," என்றாள்.

பிறகு நான் உண்மையைச் சொன்னேன். "வாணாம்னு சொல்லத்தான் வந்தேன் கிரேஸ். நாலஞ்சு காரணம் ரெடியா வெச்சிருந்தேன். பாத்தா அதுல ஒண்ணுகூட உன்னோடது இல்ல. நீ போ மா."

அவள் தூசியைத் துடைக்கிற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அந்தத் தூசி வசதியாக இருந்தது.

6. காலை ரயில்

பெங்களூர் ஏர்போர்ட்டுக்குப் போக அவள் காலை ரயிலில்தான் ஏறினாள். லில்லி கூடப் போனாள். பாதி ஊர் வேலைக்குப் போகிற ரயில் அது. நின்றுகொண்டு பயணம் செய்கிறவர்கள் பெட்டியின் அளவைப் பார்த்துத் திட்டினார்கள். அவர்களுக்கு அவள் லக்கேஜ் அதிகமாகக் கொண்டுவந்த இன்னொரு பயணி. ரயில் போன பிறகு மாரிக்குப்பம் பிளாட்ஃபாரத்தில் டீக்கடைக்காரரும் நாய்களும் நானும் இருந்தோம். கடை திறக்க நேரமிருந்ததால் மூன்று டீ குடித்தேன்.

சில மாதம் கழித்து முதல் மேட்ச். கடையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது, கடைசிக் கொஞ்ச நேரத்துக்கு அவளை இறக்கினார்கள். அந்தச் சமயம் பார்த்து ஒரு அம்மா இட்லிப் பானை கேட்டு வந்தார். மூடி பொருந்தாத ஒன்றைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் அவர் வந்து பேசியதை எழுத முடியாது. முன்னிலை கலையாமல் மேட்ச் முடிந்தது.

மறுநாள் கிரேஸ் கூப்பிட்டாள். மேட்சுக்கு முன்னால் தேசிய கீதம் போட்டபோது வார்த்தை சரியாகத் தெரியாமல் வாயை மட்டும் அசைத்தாளாம். பக்கத்தில் நின்றவள் அதைக் கண்டுபிடித்து அவளுக்குக் கேட்கும்படி சத்தமாகப் பாடினாளாம். அங்கே உன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டேன்.

"இந்தியான்னு கூப்புடறாங்க மாஸ்டர்."

"கஷ்டமா கீதா?"

"இல்ல. டீமுக்குள்ளருந்து கூப்புடறாங்க."

இதைப் படிக்கிற இளம் கோச்சுகளுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நன்றாக ஆடுகிற பிள்ளை ஒருநாள் உங்களிடம் வந்து போகட்டுமா என்று கேட்கும். உடனே பதில் சொல்லாதீர்கள், நிறையப் பொய் வரும். சமோசா வாங்கப் போங்கள். போகிற வழியில், பதில் அந்தப் பிள்ளைக்காகவா, அது போன பிறகு வரப்போகிற உங்கள் சாயங்காலங்களுக்காகவா என்று பாருங்கள். என் சாயங்காலங்கள் இப்போது நீளமாகத்தான் இருக்கின்றன. அதற்கு மருந்து எனக்குத் தெரியாது. இன்று பிராக்டிஸுக்கு ஐந்து பேர்தான் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போய்ச் சுண்ணாம்பில் கோடு போட வேண்டும், காற்று வந்து அழிப்பதற்குள்.