பூஜ்யம் சமம் பூஜ்யம்

வேங்கிக்காலில் ஒரு பள்ளிக்கு, பிள்ளைகள் ஆன்லைனில் செய்யும் கணக்கு வீட்டுப்பாடத்தைத் திருத்தும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஐம்பதை நெருங்கும் வயதில் வேறு வீரம் காட்ட வழியில்லை. நிர்வாகத்திடம் மல்லுக்கட்டி அதை உள்ளே கொண்டுவந்தவர் கணக்கு டீச்சர். மதிப்பெண் பிள்ளைக்கு உடனே தெரியும்; ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தானாகவே பெற்றோர் போனுக்கும் போய்விடும். தப்பாகப் போனால் திட்டு வாங்கப்போவதும் அவர்தான்.

அந்த ஞாயிறு பௌர்ணமி. காலையில் டீச்சர் கூப்பிட்டார். சரியான விடை y = 2x + 3. ஒரு பெண் அதையே புரட்டி 2x − y + 3 = 0 என்று எழுத, என் புரோகிராம் முட்டை போட்டுவிட்டதாம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் அப்படித்தான் ஆகும். உடனே மாற்றினேன். விடைக் கோட்டிலிருந்து மூன்று புள்ளிகளை எடுத்து, பிள்ளை எழுதிய சமன்பாட்டில் போட்டுப் பார்க்கும். இரண்டு பக்கமும் சமமானால் முழு மதிப்பெண். மதியத்துக்குள் ஏற்றிவிட்டு, மோர்க்குழம்போடு கொஞ்சம் ஜாஸ்தியாகவே சாப்பிட்டேன்.

நாலு மணிக்கு மறுபடி டீச்சர்.

“சார், ஒருத்தன் பூஜ்யம் சமம் பூஜ்யம்னு எழுதி ஃபுல் மார்க் வாங்கிட்டான். கிளாஸ் குரூப்புல வேற போட்டுட்டான். இப்ப எல்லாரும் அதையே எழுதிட்டு இருக்காங்க.”

எழுதத்தான் செய்வார்கள். 0 = 0 எந்தப் புள்ளிக்கும் பொருந்தும். கோட்டில் இல்லாத புள்ளி ஒன்றையும் போட்டுப் பார், அதுவும் பொருந்தினால் தப்பு என்று சொல்ல மறந்திருந்தேன். இரண்டே வரி. எழுதிவிட்டேன். ஏற்றத்தான் முடியவில்லை. எங்கள் சந்து, மலை சுற்றும் பாதையான செங்கம் ரோட்டில் முடிகிறது. கிரிவலக் கூட்டத்தின் போன்களெல்லாம் சேர்ந்து நெட்டைக் குடித்துவிட்டிருந்தன. நெட் கிடைக்கும் இடத்துக்கு வண்டியில் போகலாம் என்றால், சந்து முனையை அன்னதானப் பந்தல் அடைத்திருந்தது.

மொட்டை மாடிக்கு ஓடினேன். போனை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, மலைப்பக்கம் திரும்பி நின்றேன். சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. உதடு தானாக முணுமுணுத்தது. கீழே போன கூட்டத்தில் ஒரு பெரியவர் நின்று என்னைப் பார்த்தார். அவரும் மலையைப் பார்த்துக் கைகளைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் தூக்கினார்கள். அரோகரா கிளம்பியது.

“ஏங்க, உங்களுக்கு எப்ப இவ்ளோ பக்தி வந்துச்சு?” என்றாள் துணி எடுக்க வந்த மனைவி.

ஆறு மணி ஆனது. மதிப்பெண் போய்விட்டது.

ஏழு மணிக்கு டீச்சர் பேசினார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“காலையில ஒரு முட்டைக்கு அந்தப் பொண்ணோட அப்பா நாலு தடவ போன் பண்ணாரு. இப்ப மொத்த கிளாஸும் ஃபுல் மார்க். ஒருத்தர் கூட ஏன்னு கேக்கல சார். தப்புன்னு நாமளேதான் சொல்லணும். பேரண்ட்ஸுக்கு நீங்க எழுதுங்க. உங்க பேர்லயே போடுங்க.”

தொழில்நுட்பக் கோளாறு என்று ஆரம்பித்தேன். அழித்தேன். ‘நான் எழுதிய புரோகிராமில் தப்பு. உங்கள் பிள்ளைக்கு வந்த முழு மதிப்பெண்ணை நம்ப வேண்டாம்’ என்று எழுதி, பெயரும் நம்பரும் போட்டேன். போகாது என்ற தைரியத்தில்தான் பொத்தானை அழுத்தினேன். இரண்டு வரியை ஏற்ற இரண்டு மணி நேரம் சண்டித்தனம் செய்த நெட், இதை மட்டும் கண்ணிமைப்பதற்குள் அனுப்பிவிட்டது.

போன் அடிக்க ஆரம்பித்தது.