இறால் அழுகாத வாய்க்கால்

பேராவூரணியைத் தாண்டிக் கடலோரத்தில், நெல் வயல்களை வளைத்துப்போட்டு இறால் பண்ணை வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. பண்ணைக் கழிவுநீரால் வாய்க்கால் செத்துவிட்டதென்று ஊரே கொதித்தது. அதைச் சோதிக்கப் போன ஆராய்ச்சி மாணவி நான்.

செத்த இறால்களைப் பெரிய கண்ணி வலைப்பைகளில் கட்டி, பண்ணை நீர் வந்து விழும் மதகுக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் வாய்க்கால் சேற்றில் புதைத்திருந்தேன். சில வாரம் கழித்துத் தோண்டிய அன்று, ஒரு கரையில் ஊர்ப் பெண்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். எதிர்க்கரையில் பண்ணை ஆட்கள் தடியோடு நின்றார்கள்.

மேற்புறப் பையில் ஓட்டுத் துணுக்குகள்தான் மிச்சம். கீழ்ப்புறப் பையில் மீசை, கால் எல்லாம் அப்படியே இருக்க, இறால் முழுசாக வந்தது.

பண்ணை மேலாளர் அதைத் தூக்கிக் காட்டினார். "பாத்துக்கங்க! நம்ம பக்கம் கெடவே இல்ல. இதைவிட நல்ல தண்ணி எங்க இருக்கு?"

இறால் விற்கிறவருக்குக் கெடாததெல்லாம் நல்லதுதானே. பெண்களின் முகம் தொங்கிப்போனது. "என்னம்மா, அவரு சொல்றது நெசமா?" என்று ஒருவர் கேட்டார்.

தடிகளைப் பார்க்காமல் சொன்னேன்: "இல்லீங்க. மேல புழுவும் நண்டும் தின்னு தீத்துருக்கு. இங்க தின்ன ஒரு உயிரும் இல்ல, அழுக வைக்கிற கிருமிகூட செத்துருக்கு."

இறாலைத் தூக்கிய கை அப்படியே நின்றது.

இன்றும் எங்கே சேற்றைத் தோண்டினாலும், புதைத்தது எதுவும் முழுசாக வந்துவிடக் கூடாதே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.