மேடையில் வந்த தலைவலி

தலையில் ஊற்றிய வெந்நீர் மார்பு வரைக்கும்தான் சுட்டது. அதற்குக் கீழே தண்ணீர் வழிவது தெரிந்தது, சூடு தெரியவில்லை. கல்லூரிக்கு நேரமாகிவிட்டதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் கிளம்பினேன்.

மதியம் வகுப்பில் எழுந்தபோது முழங்கால்கள் மடிந்தன. மாலைக்குள் சிறுநீர் கழிக்க முடியாமல் போனது. தென்காசிப் பக்கத்திலிருந்து டைல்ஸ் ஒட்டும் வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்தவர் என் அப்பா. கரமனையில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து என்னைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். அவர் கை என் தொடைக்குக் கீழே இருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஸ்கேன் எடுத்த பிறகு நோயின் பெயரைச் சொன்னார்கள்: டிரான்ஸ்வர்ஸ் மயலைட்டிஸ் (முதுகுத் தண்டுவடத்தின் ஒரு பகுதி குறுக்காக வீங்கிப் பழுதாவது). நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். பிறகு பிளாஸ்மா மாற்று (இரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்துவிட்டு வேறு நீர்மம் செலுத்தும் சிகிச்சை).

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"டாக்டர், இது மேல ஏறுமா?"

அவர் மலையாளி. எனக்காகத் தமிழைத் தேடிப் பேசினார். "ஏறினா ஸ்வாசம் கஷ்டமாகும், மோளே. அதான் நாங்க நோக்கிட்டே இருக்கோம். பேடிக்கண்டா."

பயப்படாதே என்றார். அதற்கப்புறம் நான் நகத்தால் மார்பைக் கீறிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்த இடத்தில் வலி நிற்கிறதோ அதுதான் எல்லை. கண் மூடினால் எல்லை நகர்ந்துவிடும் என்று தோன்றும். மூச்சை இழுத்து விடுவேன். சரியாக வருகிறதா என்று மறுபடியும் இழுப்பேன். எல்லை மார்போடு நின்றது. கீழேயும் இறங்கவில்லை.

கால்கள் வராது, சிறுநீரும் இனிக் குழாய் வழியாகப் பைக்குத்தான் இறங்கும் என்று உறுதியான பின், சக்கர நாற்காலி கொடுத்து உதவும் ஓர் அமைப்பு என்னைத் தேடி வந்தது. கொஞ்ச காலம் கழித்து, தங்களுக்கு அம்பாசடராக இருக்கச் சொன்னார்கள். கல்லூரிகளிலும் கூட்டங்களிலும் நம் கதையைச் சொல்லி, ஆட்களைச் சேர்க்க வேண்டும். என்னைப் போன்ற இளையவர்கள் சிலர் ஏற்கெனவே அதைச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் ஷிபின். விழிஞ்ஞத்துக்காரன். வள்ளத்திலிருந்து கடலில் குதித்தபோது கழுத்தெலும்பு முறிந்தவன். நானும் அவனும் பேசுவது பாதித் தமிழ், பாதி மலையாளம்.

என் முதல் கூட்டம் விழிஞ்ஞத்தில், கடலோரத்து மண்டபம் ஒன்றில். அம்மா கூட வந்தாள். மேடைக்குச் சாய்தளம் இல்லை. நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள்.

பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தலையில் இடி விழுந்தது போல வலித்தது. முகம் எரிந்தது. கழுத்தும் நெற்றியும் வியர்வையில் நனைந்தன. மூக்கு அடைத்துக்கொண்டது. எதிரே இருந்த முகங்கள் மங்கின. எல்லை ஏறிவிட்டது, இப்போது மூளைக்கே வந்துவிட்டது என்று நினைத்தேன். மைக் கையிலிருந்து நழுவியது.

"பிள்ளை பயந்துடுச்சு, படுக்க வைங்க. காலைத் தூக்கிப் பிடிங்க" என்றது ஒரு குரல். இரண்டு பேர் என் தோளைப் பிடித்தார்கள்.

மேடைக்குக் கீழே இருந்து ஷிபின் கத்தினான். "கிடத்தல்லே! படுக்க வைக்காதீங்க! நேரே இருக்கட்டும். அம்மா, அந்த டியூபை நோக்கு! சீக்கிரம்!"

அம்மா என் சுடிதாரை விலக்கிப் பார்த்தாள். சிறுநீர்க் குழாய் நாற்காலியின் கைப்பிடிக்கும் தொடைக்கும் நடுவில் மடங்கி நசுங்கிக் கிடந்தது. தூக்கி ஏற்றும்போது மாட்டியிருக்க வேண்டும். அதை நிமிர்த்தினாள். பை நிறையத் தொடங்கியது. "ஐயோ, இவ்வளவா" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். சிறிது நேரத்தில் வலி இறங்கியது.

மருத்துவமனையில் விளக்கினார்கள். இதற்கு ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்று பெயர் (பழுதான இடத்துக்குக் கீழே ஏற்படும் தொந்தரவை மூளை அறிய முடியாததால் இரத்த அழுத்தம் கட்டுமீறி ஏறுவது). நிரம்பிய சிறுநீர்ப்பை போதும் அதற்கு. உடனே நிமிர்ந்து உட்கார வேண்டும், இறுக்கமான உடையைத் தளர்த்த வேண்டும், குழாயைப் பார்க்க வேண்டும், வலி குறையாவிட்டால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தாமதித்தால் மூளையில் இரத்தக் கசிவு வரலாம்.

"இனிமே கூட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்ட்டி" என்றார் அப்பா. "நீ வீட்ல இரு. அது போதும் எனக்கு."

இருந்தேன். அவர் சொன்னதற்காக இல்லை. வாசற்படியைத் தாண்டவே பயம். அம்மா கடைக்குப் போனால்கூட, திரும்பி வரும்வரை குழாயிலிருந்து கையை எடுக்க மாட்டேன்.

ஒரு நாள் ஷிபின் போன் செய்தான். "செல்வி, வார்டுல ஒரு புதிய குட்டி. முதுகுல உனக்கு உள்ள அதே இடம்தான் அவளுக்கும். நீ வந்து சொல்லணும்."

"நீயே சொல்லேன்."

"நான் ஆணாச்சே. அவ என்கிட்ட டியூப் காரியம் எல்லாம் கேக்குமோ?"

அவன் கேட்டதை அப்பாவிடம் சொன்னேன். வேண்டாம் என்ற அவரே ஆட்டோ கூப்பிட்டார்.

அந்தப் பெண் பள்ளி முடித்தவள். படுத்தபடியே என் கால்களைத்தான் பார்த்தாள். அமைப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன், ஆனால் தயாரித்து வைத்திருந்த எதையும் சொல்லவில்லை. குழாயை எப்படிப் போடுவது, எங்கே மடங்கும், வலி எப்படி வரும் என்று அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் காட்டினேன். நசுக்கிக் காட்டி, விட்டுக் காட்டினேன்.

"சேச்சிக்கு இப்பவும் பேடி உண்டா?" என்று கேட்டாள்.

"பயம் உண்டு" என்றேன். "நல்லாவே உண்டு."

அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது அந்தப் படுக்கையில் இருக்கலாம். பயம் போய்விடும் என்று என்னால் எழுத முடியாது. என் உடம்பின் கீழ்ப்பாதி செத்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அது சாகவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்பதைக் கழுத்து வியர்வையாகவும் தலைவலியாகவும் மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதற்குக் காது கொடுத்தே என் நாள் கழிகிறது. அடுத்த மாதம் எந்தக் கல்லூரிக்கு வர முடியும் என்று அமைப்பில் கேட்கிறார்கள். அடுத்த மாதம் என்பது எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. இன்று மாலை வரைக்கும்தான் பிடிபடுகிறது. வருகிறேன் என்றே சொல்லியிருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடரியில் லேசாக ஈரம் தெரிகிறது. மின்விசிறி ஓடவில்லை, அதனாலும் இருக்கலாம். எதற்கும் குழாயைப் பார்த்துவிடுகிறேன்.