பசை அறையின் காற்று

"இது என்னடி பெட்டி, குழாயெல்லாம் வெச்சிருக்கு?" என்று சித்தி கேட்டாள்.

"நீ இழுக்கிற காத்தை இதுவும் இழுக்கும், சித்தி. அதுல எவ்வளவு விஷம் இருக்குன்னு அப்புறம் பாப்பாங்க."

"எனக்கு முன்னாடி இது செத்துடாதே?"

"சித்தி!"

"சரி, கோச்சுக்காதே. விலை அதிகமா?"

"ரொம்ப. வெளிநாட்டுலேருந்து வந்தது."

"அதான் இப்படிப் பளபளன்னு இருக்கு," என்றாள். பெட்டியை இடுப்பில் கட்டி, குழாயைக் காலரில் குத்திக்கொண்டு வேலைக்குப் போனாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. செருப்புத் தொழிற்சாலையில் அடிப்பாகம் ஒட்டுகிறாள். கொஞ்ச காலமாக அவளுக்குப் பாதம் மரத்துப்போகிறது. செருப்பு கழன்றதே தெரியாமல் தெருமுனைவரை நடந்துவிடுவாள். "ஊருக்கெல்லாம் ஒட்டறேன், என் கால்ல மட்டும் ஒட்டமாட்டேங்குது," என்று அவளே சிரிப்பாள்.

பசையின் ஆவி காற்றில் எவ்வளவு வரை இருக்கலாம் என்று முடிவு செய்யப் பல நாடுகள் சேர்ந்து இறங்கியிருந்தன. ஒவ்வொரு நாட்டிலும் சில பட்டறைகளில் அளந்தார்கள். இங்கே வந்த குழுவுக்கு நான் மொழிபெயர்ப்பாளர். சித்தி பெட்டி கட்டிப் போன அன்று மாலை கருவிகளைத் திரும்ப வாங்கிய பொறியாளர் அம்மா, இவ்வளவு சுத்தமாக யாரும் கொடுத்ததில்லை என்று பாராட்டினார்.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. எல்லா நாட்டு அறைகளிலும் எங்கள் தொழிற்சாலையின் பசை அறைக் காற்றுதான் மிகச் சுத்தமாம். அதைக் காட்டி, இப்போதுள்ள வரம்பே போதும், குறைக்க வேண்டாம் என்று சில நாடுகள் வாதாடுகின்றன. அதைப் பார்த்துவிட்டு, சித்தியின் கால் மரத்துப்போவதற்குப் பசை காரணமாக இருக்க முடியாது என்று தொழிற்சாலை டாக்டரும் சொன்னார். உணவு இடைவேளையில் இதைப் பசை அறைப் பெண்களிடம் தமிழில் சொன்னேன்.

"அப்போ நாம மலைக்காத்து வாங்கிட்டிருக்கோம்!" என்றாள், எல்லாரும் வாயாடி என்று கூப்பிடும் பெண். அறையே சிரித்தது. சித்தி மட்டும் டிபன் பாக்ஸை மூடினாள்.

பேருந்து நிறுத்தத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"அன்னிக்கு வேலை நேரத்துல அந்தப் பெட்டியை நாங்க போட்டுக்கவே இல்லடி. பிரஷ்ஷை உதறினா பசை தெறிக்கும். அடுத்தவங்க பொருள், கறை பட்டா யாரு பதில் சொல்றது? கழட்டுங்கடின்னு நான்தான் சொன்னேன். எல்லாத்தையும் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஆணியில மாட்டிட்டு, சாயங்காலம் துடைச்சுக் குடுத்தோம்."

ஜன்னலுக்கு வெளியே இருந்த காற்றைத்தான் அத்தனை நாடுகளும் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தன.

"சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா?" என்றேன்.

"அந்த ரிசல்ட்டைக் வாசல் கேட்டுலேயே ஒட்டி வெச்சிருக்கான். பொய்னு சொன்னா, சொன்னவளை உள்ள விடுவானா?"

பேருந்து வந்தது. அவள் ஏறவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல்களில் அழுத்தமே இல்லை.

"நாளைக்கு அந்த அளக்க வந்தவங்ககிட்ட பேசுவே இல்ல? அவங்க பாஷையிலேயே சொல்லிடு. ஆணியில மாட்டச் சொன்னது நான்தான்னு சொல்லு. மத்தவங்க பேரை இழுக்காதே, புள்ளகுட்டிக்காரிங்க. இன்னொரு தடவை வந்து அளக்கச் சொல்லுடி."